பழைய டீசல் ஜீப்புக்கு இன்ஜின் ஃப்ளஷ் ஊற்றலாமா?

கேள்வி: குலசேகரம் பக்கம் சிறிய ரப்பர் தோட்டம் வைத்திருக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய 2005 மாடல் டீசல் ஜீப் 2,10,000 கி.மீ. ஓடியிருக்கிறது, பழைய சர்வீஸ் விவரம் எதுவும் கிடைக்கவில்லை. தோட்டம், ரப்பர் ஷீட் கடை என்று நாலைந்து கிலோமீட்டர் ஓட்டம்தான். ஆயில் கறுத்துவிட்டதைக் காட்டி, ஃப்ளஷ் ஊற்றிக் கழுவ வேண்டும் என்கிறார் மெக்கானிக். அப்படிச் செய்த ஒரு வண்டியின் இன்ஜின் சீஸ் ஆகி (இறுகி நின்று) விட்டதாக நண்பர் சொல்கிறார். என்ன செய்யலாம்? டீசலில் கலக்கும் இன்ஜெக்டர் கிளீனரும் தேவையா?

பதில்: இப்போதைக்கு ஃப்ளஷ் வேண்டாம். அது வேலை செய்யாது என்பதற்காக அல்ல, உங்கள் வண்டிக்குச் சற்று வேகமாகவே வேலை செய்துவிடக்கூடும் என்பதற்காகச் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கறுப்பைப் பற்றி. டீசல் இன்ஜினில் புதிய ஆயில் சில நூறு கிலோமீட்டரிலேயே கறுத்துவிடும். எரிப்பில் உண்டாகும் கரித்துகள் ஒன்றாகத் திரண்டு படியாதபடி, ஆயிலில் ஏற்கெனவே சேர்த்திருக்கும் வேதிப்பொருள்கள் அதைப் பிரித்து மிதக்கவிடுவதால் வரும் நிறம் அது. ஆகவே கறுத்த ஆயிலைக் கசடுக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி உட்புறத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். தேன் நிறத்தில் மெல்லிய பூச்சு மட்டும் இருந்தால் கவலை வேண்டாம். தார் போலத் தடித்துக் கிடந்தால் இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரைத் திறந்து பார்க்க வேண்டும். வெண்ணெய் போன்ற வெளிறிய நுரை மூடியின் அடியில் மட்டும் இருந்தால் அது ஈரம். டிப் ஸ்டிக்கிலும் அதே நிறம் தெரிந்தால் கூலன்ட் ஆயிலில் கலக்கிறதா என்பதைச் சோதிப்பதே முதல் வேலை.

ஃப்ளஷ் என விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை, மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த மெல்லிய கரைப்பானில் கசடு நீக்கிகளைக் கலந்தவை. பழைய ஆயிலோடு சேர்த்துச் சில நிமிடங்கள் ஐட்லிங்கில் ஓடவிட்டு வடித்துவிட வேண்டும் என்பது வழக்கமான முறை. அந்தச் சில நிமிடங்களில் ஆயில் நீர்த்து, பேரிங்குகளின் மேல் நிற்கும் படலம் மெலிகிறது. அதைவிடப் பெரிய ஆபத்து, ஆண்டுக்கணக்கில் ஒட்டிக்கிடந்த கசடு முழுவதும் கரையாமல் துண்டு துண்டாகப் பெயர்ந்து, இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்புக்குள் விழுவதாகும். ஆயில் பம்ப் உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு கம்பிவலை உண்டு. அந்தத் துண்டுகள் அதை அடைத்தால் இன்ஜினுக்கு ஆயில் போகாது. ஃபில்டர் அந்தப் பம்ப்புக்கு அப்பால் இருப்பதால், ஃபில்டரைப் புதிதாக மாற்றினாலும் வலையின் அடைப்பு நீங்காது.

ஃப்ளஷ் செய்த மூன்றாம் நாள் ஆயில் விளக்கு எரிந்த ஒரு வேனின் சம்ப்பைத் தக்கலையில் இறக்கிப் பார்த்திருக்கிறேன். வலையின் முக்கால் பங்கைக் கருங்கசடு மூடியிருந்தது. விரலால் சுரண்டியபோது, சிரட்டையில் காய்ந்த ரப்பர் ஒட்டுப்பாலைப் போல இழுபட்டு வந்தது. விளக்கு எரிந்தவுடன் ஓட்டுநர் வண்டியை அணைத்துவிட்டதால் இன்ஜினின் முக்கியத் தண்டான கிராங்க் தப்பியது.

உங்கள் மூடியின் அடியில் தடித்த கசடு தெரிந்தால், சம்ப்பை ஒருமுறை இறக்கி, வலையைக் கழுவி, புதிய கேஸ்கட் போட்டு மாட்டச் சொல்லுங்கள். பாட்டிலின் விலையைவிடக் கூலி கூடுதலாகும் என்றாலும் உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்த்துவிடலாம். பிறகு வண்டியின் கையேடு அனுமதிக்கும் கிரேடில், பெரும்பாலும் 15டபிள்யூ-40, ஏபிஐ சிஐ-4 தர டீசல் ஆயில் ஊற்றி, 2,000 கி.மீ.க்கு ஒருமுறை ஃபில்டரோடு இரண்டு, மூன்று முறை மாற்றுங்கள். ஆயிலில் உள்ள டிடர்ஜென்டே படிவை மெதுவாகக் கரைத்து எடுத்துவிடும். கசடு அடைத்துவைத்திருந்த சீல்களில் அப்போது கசிவு தெரியலாம். சீல் முன்பே தேய்ந்திருந்தது என்று பொருள். டீசலையோ மண்ணெண்ணெயையோ ஆயிலில் ஊற்றி ஓடவிடும் பழைய பட்டறை வழக்கத்துக்கு மட்டும் எக்காரணம் கொண்டும் சம்மதிக்காதீர்கள்.

காலந்தவறாமல் ஆயில் மாற்றிய வண்டியில் ஃப்ளஷ் பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. தேவைப்படாத வண்டிக்குத்தான் அது பாதுகாப்பானது என்பது இதிலுள்ள வேடிக்கை.

கசடு மீண்டும் சேர்வதற்கு உங்கள் குறுகிய ஓட்டமே காரணமாகலாம். கூலன்டைவிட ஆயில் தாமதமாகவே சூடேறும். நாலு கிலோமீட்டரில் அதற்குள் இருக்கும் ஈரம் ஆவியாகிப் போவதில்லை. இரண்டு பருவமழையும் பெய்யும் நம் குமரி மாவட்டத்தில் ஈரத்துக்குப் பஞ்சமும் இல்லை. வாரம் ஒருமுறை நாகர்கோவில் வரை போய்வந்தால் நல்லது. இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் கிராங்க் கேஸ் பிரீதர் குழாய் அடைபடாமல் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்ஜெக்டர் கிளீனர் வேறு வகை. அது டீசலோடு எரிந்து போவதால் ஆயிலைத் தொடுவதில்லை. அளவு மீறாமல் கலந்தால் பெரும்பாலும் தீங்கும் இல்லை. ஆனால் முதலில் டீசல் ஃபில்டரை மாற்றி, அதன் அடியில் தேங்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள். கரும்புகை வந்தால் ஏர் ஃபில்டரையும் பாருங்கள். நீலப்புகை ஆயில் எரிவதைக் காட்டுவதால், டாங்கில் எதை ஊற்றியும் பயனில்லை. கம்ப்ரஷன் சோதிக்க வேண்டும். ஒரு பாட்டிலுக்குப் பிறகும் கரும்புகை குறையாவிட்டால், இன்னொரு பாட்டில் வாங்காமல், இன்ஜெக்டர்களைக் கழற்றி டீசல் பம்ப் சர்வீஸ் செய்யும் கடையில் நாசிலின் அழுத்தத்தையும் தெளிப்பையும் பார்க்கக் கொடுங்கள்.