மருத்துவச் செலவு: விலை சொல்வது யார்?

மருத்துவமனை பில்லிங் பிரிவில் பதினொரு வருடம், அப்புறம் காப்பீட்டு கிளெய்ம் பிரிவில் ஆறு வருடம் வேலை பார்த்தவன் நான். மருத்துவத்தை அரசே நடத்தலாமா, செலவு ஏன் இப்படி ஏறுகிறது என்று வந்திருக்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அரசு மருத்துவம் வந்தால் டாக்டர்கள் எல்லாரும் அரசு ஊழியர்கள் ஆகிவிடுவார்களா சார்?

ஆக வேண்டியதில்லை. ஒரே பெயரில் மூன்று வேறு ஏற்பாடுகளைப் பேசுகிறோம், அதனால்தான் குழப்பம். பிரிட்டனில் 1948 ஜூலை 5 அன்று என்.எச்.எஸ். என்ற தேசிய சுகாதார சேவை தொடங்கியபோது மருத்துவமனைகளையே அரசு எடுத்துக்கொண்டது. கனடாவில் அரசு பணம் மட்டும் கட்டுகிறது. டாக்டர்கள் பெரும்பாலும் தனித்தொழில் செய்பவர்கள்தான். அங்கே 1962இல் சஸ்காட்செவான் மாகாணம் இதை முதலில் கொண்டுவந்தபோது டாக்டர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜெர்மனியில் 1883 முதல் தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து பணம் போடும் நோய்க்காப்பு நிதியங்கள் இருக்கின்றன. அரசு விதிகளைப் போடுகிறது. வாதத்தில் இறங்கும் முன் எதிராளி இந்த மூன்றில் எதைச் சொல்கிறார் என்று கேட்டுவிடுங்கள்.

கேள்வி: செல்போன் விலை போட்டியால் குறைந்தது. மருத்துவமும் அப்படிக் குறையாதா?

சில இடங்களில் குறையும். கண்ணாடியைக் கழற்றுவதற்காகச் செய்யும் லேசர் சிகிச்சைக்கு நான்கு இடத்தில் விசாரிக்கலாம், பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று எழுந்து வரலாம். நெஞ்சுவலியோடு வருகிறவரால் அது முடியுமா? 1963இலேயே பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ இதைத்தான் எழுதினார்: எது தேவை என்பது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது.

நான் கவுன்டரில் இருந்தபோது ஒருவர் தன் அம்மாவின் பில்லை விரித்து வைத்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக்கொண்டே வந்தார். நான்காவது பக்கத்தில் நிறுத்தி, "சார், இதுல எதையாவது நான் வேணும்னு கேட்டேனா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. என் திரையில் அதே ஸ்கேனுக்கு மூன்று விலைகள் இருந்தன: பெரிய காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒன்று, சின்ன நிறுவனத்துக்கு ஒன்று, கையில் பணம் கட்டுபவருக்கு ஒன்று. மூன்றாவதுதான் அதிகம். பேரம் பேச ஆள் இல்லாதவர்தான் அதிகம் கட்டினார். அன்றிலிருந்து இந்த விவாதத்தில் எனக்கு முதல் கேள்வி ஒன்றுதான்: நோயாளிக்காக விலை பேசுவது யார்?

கேள்வி: இலவசம் என்றால் தேவையில்லாமல் கூட்டம் கூடும், செலவு அதனால்தானே ஏறுகிறது?

பாதி சரி. அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 1970களில் தொடங்கிய காப்பீட்டு ஆய்வில், இலவசமாகச் சிகிச்சை பெற்றவர்கள் அதிகம் பயன்படுத்தினார்கள் என்பது உண்மை. ஆனால் பணம் கட்ட வேண்டியிருந்தவர்கள் தேவையில்லாததை மட்டும் விடவில்லை, தேவையானதையும் சேர்த்தே விட்டார்கள். ரத்த அழுத்தம் இருந்த ஏழைகளுக்கு இலவசச் சிகிச்சை நல்ல பலன் தந்தது.

அமெரிக்கா தன் மொத்த உற்பத்தியில் 17 சதவீதத்துக்கும் மேல் மருத்துவத்துக்குச் செலவழிக்கிறது. மற்ற பணக்கார நாடுகள் பெரும்பாலும் 10 முதல் 12 சதவீதம்தான். அமெரிக்கர்கள் அடிக்கடி டாக்டரிடம் ஓடுகிறார்களா என்றால் இல்லை. பொருளாதார அறிஞர் உவே ரைன்ஹார்ட் முதலியோர் 2003இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை கைகாட்டியது விலையைத்தான். அத்தனை செலவழித்தும் இரண்டு கோடிக்கும் மேலானவர்களுக்கு அங்கே காப்பீடு இல்லை.

கேள்வி: நான் நர்ஸ். எங்கள் சம்பளத்தால்தான் செலவு ஏறுகிறது என்கிறார்களே, அண்ணா?

அப்படிச் சொல்பவரை ஒருநாள் வார்டில் நிற்கச் சொல்லுங்கள், அம்மா. படுத்த படுக்கையாக இருப்பவரைப் புரட்டிப் போட்டு, புண்ணைத் துடைத்துக் கட்டுப் போட ஐம்பது வருடம் முன்பு ஆன நேரம்தான் இன்றும் ஆகிறது. மற்ற தொழில்களில் இயந்திரம் வந்து ஒருவர் செய்யும் வேலை பெருகுகிறது, கூலியும் ஏறுகிறது. உங்கள் கூலி அதற்கு ஈடாக ஏறாவிட்டால் இந்த வேலைக்கு ஆளே வராது. பொருளாதார அறிஞர் வில்லியம் பாமோல் 1960களில் விளக்கியது இது. அரசு நடத்தினாலும் தனியார் நடத்தினாலும் இந்தச் செலவு இருக்கும், இருக்கவும் வேண்டும்.

கேள்வி: அரசு நடத்தும் இடங்களில் வரிசையில் காத்திருந்தே காலம் போய்விடும் என்பது?

உண்மைதான், மழுப்ப மாட்டேன். 2023இல் இங்கிலாந்தின் காத்திருப்புப் பட்டியல் 77 லட்சத்தைத் தாண்டியது. இடுப்பெலும்பு வலியோடு மாதக்கணக்கில் காத்திருப்பது கொடுமை. ஆனால் எல்லாருக்கும் காப்பீடு உள்ள ஜெர்மனியில் இந்த அளவு வரிசை இல்லை. படுக்கையும் ஆளும் போதாத இடத்தில் வரிசை நீளும். இன்னொன்று, விலைக்குப் பயந்து மருத்துவமனைப் பக்கமே வராதவரை எந்தப் பட்டியலும் எண்ணுவதில்லை.

கேள்வி: வரி ஏறுமா?

ஏறும். பிரீமியமும் கைப்பணமும் குறையும். இரண்டையும் கூட்டிப் பாருங்கள்.

கேள்வி: மருந்து விலையை அரசு பேசினால் புது மருந்து வராது என்கிறார்களே?

ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இன்சுலினைப் பாருங்கள். அதன் காப்புரிமையை 1923இல், அதைக் கண்டுபிடித்த பான்டிங்கின் குழுவினர் டொரண்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்குக் கொடுத்தார்கள். பிற்பாடு மேம்பட்ட வகைகள் வந்தன, சரி. அதற்காக விலையை ஏற்றி, ஊசி மருந்தைப் பாதியாகக் குறைத்துப் போட்டுக்கொள்ளும் நிலைக்கு நோயாளியைத் தள்ளலாமா? அமெரிக்காவில் முக்கியமாக முதியவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் மருந்து விலையைப் பேரம் பேசக் கூடாது என்று 2003 சட்டம் தடுத்தது. 2022 சட்டம் அதைத் திறந்துவிட்டது. மெடிகேரில் இருப்பவர்கள் இன்சுலினுக்கு மாதம் 35 டாலருக்கு மேல் கட்ட வேண்டாம் என்றும் ஆனது.

கேள்வி: சட்டம் மாறும்போது மாறட்டும். என் அப்பாவை நாளைக்கு டிஸ்சார்ஜ் செய்கிறார்கள். நான் என்ன பார்க்க வேண்டும்?

மொத்தத் தொகை மட்டும் உள்ள பில்லை வாங்கிக்கொண்டு வராதீர்கள், தம்பி. ஒவ்வொரு பொருளும் தனித்தனியாக உள்ள பில்லைக் கேளுங்கள். அறை வாடகை எத்தனை நாளுக்குப் போட்டிருக்கிறார்கள், ஒரே பரிசோதனை இரண்டு முறை வந்திருக்கிறதா என்று பாருங்கள். பிரிக்காமல் திருப்பிக் கொடுத்த மருந்துகளைக் கழித்தார்களா என்பதை அவசியம் கேளுங்கள். நான் பார்த்த தவறுகளில் அதுதான் அதிகம். நர்ஸிடம் வாங்கிய ரிட்டர்ன் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.