அமெரிக்கப் போலீஸ் ரிவால்வரில் குழிமுனைத் தோட்டா போட்டது ஏன்?

குழிமுனைத் தோட்டா என்றால் மூக்கில் சின்னக் குழி உள்ள குண்டு, அவ்வளவுதான். அமெரிக்கப் போலீசார் பல காலம் .38 ஸ்பெஷல் என்ற தோட்டா வகைக்கான ரிவால்வரில் 158 கிரெய்ன், அதாவது சுமார் 10 கிராம் எடையுள்ள உருண்டை முனை ஈயக் குண்டைத்தான் போட்டு வந்தார்கள். அது ஆளைத் துளைத்துக்கொண்டு பின்னால் நிற்கும் அப்பாவி மேலும் பாயக்கூடும், சுடப்பட்டவரோ உடனே விழுவார் என்றும் சொல்ல முடியாது. 1970-களில் எஃப்.பி.ஐ. அதே எடையில் குழிமுனைக்கு மாறியது. உடம்பின் ஈரம் குழிக்குள் நெருக்க, முனை விரிந்து வேகம் அங்கேயே அடங்கிவிடும். கோலிக்குண்டைச் சுவரில் எறிந்தால் தெறித்து ஓடும், சாணி உருண்டை பரந்து ஒட்டிக்கொள்ளும் இல்லையா, அந்த மாதிரி. (கனமான துணி குழியை அடைத்துவிட்டால் விரியாமலும் போகும்.) அப்புறம், உடம்பில் விரியும் குண்டு வேண்டாம் என்று பல நாடுகள் சேர்ந்து செய்த 1899 ஹேக் பிரகடனம் இதைத் தடை செய்துவிட்டதே என்று கேட்பார்கள், அந்தத் தடை நாடுகளுக்கு இடையிலான போருக்கு, உள்ளூர் போலீசுக்கு அல்ல.