சூரியச் சுழற்சி உச்சத்தில் இருக்கும்போது புறஊதாக் கதிர் கூடுமா?

கேள்வி: சூரியனின் செயற்பாடு ஏறி இறங்கும் 11 ஆண்டுச் சுழற்சி 2024இல் உச்சத்தை எட்டியதாகப் படித்தேன். அப்படியானால் நாள் முழுவதும் மலையில் கொழுந்து பறிப்பவர்கள் மீது புறஊதாக் கதிர் கூடுதலாக விழுகிறதா? செய்மதிகள் அதை எப்படி அளக்கின்றன?
– வாசகி ஒருவர், ஹட்டன்

பதில்: சூரியனிலிருந்து புறப்படும் புறஊதாக் கதிர் கூடுவது உண்மை; ஆனால் பெரிதும் கூடும் பகுதி தேயிலை மலை வரை வந்து சேர்வதில்லை. சதுர மீற்றருக்குச் சுமார் 1361 வற்று என வந்தடையும் மொத்தச் சூரிய ஆற்றல், சுழற்சியின் தாழ்வுக்கும் உச்சத்துக்கும் இடையே ஏறத்தாழ 0.1 சதவீதமே மாறுகிறது. அலைநீளம் குறையக் குறைய மாற்றம் பெருகும்: 300 நனோமீற்றருக்கு மேல் ஒரு சதவீதத்துக்கும் குறைவு, 200ஐ அண்டிச் சில சதவீதம், ஐதரசன் வெளிவிடும் 121.6 நனோமீற்றர் அலைநீளத்திலோ கதிர் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. இக்குற்றலைக் கதிர்கள் மேல்வளிமண்டலத்திலேயே உறிஞ்சப்பட்டுவிடும். அவற்றுள் 200ஐ அண்டியவை ஒட்சிசன் மூலக்கூறுகளைப் பிளந்து ஓசோனை உண்டாக்குவதால், உச்சக் காலத்தில் தோலைச் சுடும் கதிரைத் தடுக்கும் ஓசோனும் சற்றே கூடுகிறது.

அளப்பதுதான் சிக்கலான வேலை. வளிமண்டலம் மறைப்பதால் கருவி விண்வெளிக்குச் சென்றாக வேண்டும்; அங்கோ, அளக்க வேண்டிய அதே கதிர், கண்ணாடிகளில் எஞ்சியிருக்கும் நுண்ணிய கரிமப் படிவுகளைக் கெட்டிப்படுத்திக் கருவியின் பார்வையை ஆண்டுக்காண்டு மங்கச் செய்கிறது. மங்கியது சூரியனா, கருவியா? 1991இல் ஏவப்பட்ட யூஆர்ஸ் செய்மதியிலும் 2003இல் ஏவப்பட்ட சோர்ஸ் செய்மதியிலும் இருந்த சோல்ஸ்டிஸ் கருவி, செய்மதி பூமியின் நிழலுக்குள் செல்லும் வேளைகளில், அதே கண்ணாடிகளால் நீல நிற விண்மீன்களைப் பார்த்தது. அவற்றின் ஒளி நெடுங்காலம் மாறாதது என்பதால், குறைந்து தெரிந்தால் அது கருவியின் தேய்மானமே. சோர்ஸில் இருந்த சிம் என்ற மற்றொரு கருவி இரட்டையாக அமைக்கப்பட்டு, ஒப்பிட்டுத் தேய்மானத்தை அறிவதற்காக ஒன்று அரிதாகவே வெயிலுக்குத் திறக்கப்பட்டது. இருந்தும் 2004 முதல் 2007 வரை சிம் காட்டிய புறஊதா வீழ்ச்சி, கணிப்புகளைவிடப் பன்மடங்காக இருந்து காலநிலை ஆய்வாளர்களிடையே பெரும் விவாதத்தைக் கிளப்பியது. அதில் பெரும்பகுதி முழுமையாகத் திருத்தப்படாத தேய்மானம் என்பதே இன்று பலரும் ஏற்கும் முடிவு. ஒரே கருவியின் மூன்றாண்டு அளவீட்டை வைத்து அவ்வளவு அவசரப்பட்டிருக்க வேண்டாம் என்பது என் எண்ணம். 2017இன் இறுதியில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அனுப்பப்பட்ட புதிய சிம் கருவியில் இரண்டுக்குப் பதிலாக மூன்று ஒத்த அளவீட்டுத் தடங்கள் உள்ளன.

கொழுந்து பறிப்பவர்கள் கவனிக்க வேண்டியது சுழற்சியை அல்ல, உயரத்தை. ஆயிரம் மீற்றர் ஏறினால் புறஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். நுவரெலியா நகரம் 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. குளிர் காற்றில் சூடு உறைக்காது, மெல்லிய முகிலும் கதிரை முழுதாகத் தடுக்காது. ஆகவே தலைத்துண்டு மறைக்காத கழுத்துக்கும் முன்கைக்கும், முக்கியமாக நண்பகலை ஒட்டிய வேளைகளில், முழுக்கைச் சட்டையும் கழுத்துத் துணியும் அவசியம்.