சி++: சொந்த கிளாஸுக்கு ++ எழுதுவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: சார், மணி, நிமிடம் வைத்து ஒரு நேர கிளாஸ் எழுதியிருக்கிறேன். ++ போட்டால் ஒரு நிமிடம் கூட வேண்டும். ப்ரீ (++ முன்னால்), போஸ்ட் (++ பின்னால்) இரண்டையும் கம்பைலர் எப்படிப் பிரிக்கிறது?

பதில்: போஸ்ட்டுக்கு அடைப்புக்குறிக்குள் ஓர் இன்ட் பாராமீட்டர் வையுங்கள். பெயர் வேண்டாம், கம்பைலர் அதில் 0 அனுப்பும், வெறும் அடையாளத்துக்குத்தான். ப்ரீக்கு அடைப்புக்குறி காலி. கணக்கு முழுவதும் ப்ரீயில் மட்டும் இருக்கட்டும்: நிமிடத்தில் 1 கூட்டு, 60 ஆனால் 0 ஆக்கி மணியில் 1 கூட்டு, மணி 24 ஆனால் 0. கடைசியில் *திஸ்-ஐ (அதாவது இந்தப் பொருளையே) ரெஃபரன்ஸாக, நகலெடுக்காமல் திருப்புங்கள். போஸ்ட்டில் மூன்றே வரி: *திஸ்-ஐ நகலெடுப்பது, ++*திஸ், நகலைத் திருப்புவது. கணக்கை இரண்டு இடத்திலும் எழுதினால் என்றாவது ஒன்றை மட்டும் திருத்துவீர்கள். அப்புறம் 23:59 ஒன்றில் 00:00 ஆகும், மற்றதில் 24:00 ஆகும்.

கேள்வி: அண்ணா, போஸ்ட்டிலும் ரெஃபரன்ஸ் திருப்பினேன். வார்னிங் வருகிறது, ஆனால் ஓடுகிறது. விட்டுவிடலாமா?

பதில்: கூடாது. அந்த நகல் ஃபங்ஷன் முடிந்ததுமே போய்விடும். இப்போது சரியாகத் தெரிவது தற்செயல். ஆப்டிமைசேஷனைக் கூட்டினால் குப்பை மதிப்பு வரலாம், கிராஷும் ஆகலாம். திருப்பும் வகையில் உள்ள & குறியை (ரெஃபரன்ஸ் குறி) எடுத்துவிடுங்கள்.

கேள்வி: போஸ்ட்டை அடுத்தடுத்து இரண்டு முறை போட்டால் கம்பைல் ஆகிறது. ஆனால் ஒரு நிமிடம்தான் கூடுகிறது!

பதில்: முதல் ++ திருப்பியது தற்காலிக நகல், இரண்டாவது அந்த நகலில் போய்க் கூட்டுகிறது. இன்ட்டாக இருந்தால் கம்பைலரே மறுத்திருக்கும். கான்ஸ்ட் (மாற்ற முடியாத) நகலைத் திருப்புவது பழைய வைத்தியம். சி++11 முதல் அது மூவ் செய்வதை (நகலெடுக்காமல் உள்ளடக்கத்தை இடம் மாற்றுவதை) கெடுக்கும். அதற்குப் பதிலாக, பாராமீட்டர் அடைப்புக்குறி மூடியதும் ஒரு & போடுங்கள். தற்காலிகப் பொருளில் ++ அப்போது செல்லாது.

கேள்வி: டிரைவ்டு கிளாஸில் (பேஸ் என்ற மூல கிளாஸிலிருந்து உருவாக்கியதில்) ப்ரீ மட்டும் எழுதினேன். போஸ்ட் இல்லை என்று எரர் வருகிறது. பேஸில் இருக்கிறதே?

பதில்: டிரைவ்டில் ஒன்றை எழுதினாலே பேஸில் அதே பெயரில் உள்ளவை எல்லாம் மறைந்துவிடும். யூசிங் வரி (பேஸின் ++-ஐயும் சேர்த்துக்கொள் என்று சொல்வது) போட்டால் திரும்பக் கிடைக்கும். ஆனால் அந்த போஸ்ட் திருப்புவது பேஸின் நகல்தான், டிரைவ்டு பகுதி வெட்டுப்பட்டிருக்கும். பேஸில் ப்ரீ விர்ச்சுவலாக (டிரைவ்டில் எழுதியதே ஓடும்படி) இல்லாவிட்டால் நீங்கள் எழுதிய புதுக் கணக்கும் ஓடாது. பேசாமல் இரண்டையும் எழுதிவிடுங்கள்.

கேள்வி: ஜாவா, பைத்தான், காட்லினில்?

பதில்: ஜாவாவில் சொந்த கிளாஸுக்கு ++ எழுத வழியே இல்லை. பைத்தானில் ++ கிடையாது. எண்ணுக்கு முன்னால் போட்டால் எரரும் வராது, மதிப்பும் மாறாது, இரண்டு கூட்டல் குறி என்று எடுத்துக்கொள்ளும். காட்லினில் இன்க் என்ற ஃபங்ஷன் ஒன்றே இரண்டுக்கும் போதும், அது புதிய பொருளைத் திருப்ப வேண்டும். இருக்கிற பொருளையே மாற்றினால் போஸ்ட்டிலும் பழைய மதிப்பு கிடைக்காது.