இறால் ஓடு – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆறு மாதமாக ஸ்வீடனில், கோத்தன்பர்க்கில் இருக்கிறேன். அலுவலக நண்பர் ஒருவர் வீட்டில் கிரீம் விட்ட மீன் குழம்பு சாப்பிட்டோம். ஃபிஸ்க்கிரிட்டா என்றார்கள். என் மனைவிக்கு ரொம்பப் பிடித்துப்போனது. போன ஞாயிறு நானே செய்தேன். காட், சால்மன் மீன்கள், உருளைக்கிழங்கு, தக்காளி, கொழுப்பு குறைந்த கிரீம் எல்லாம் போட்டு, இறால் ஓட்டை உரித்து எறிந்துவிட்டுச் சதையையும் சேர்த்து அரை மணி நேரம் நன்றாகக் கொதிக்கவிட்டேன். கிரீம் திரிந்துவிட்டது. மீன் கரைந்துவிட்டது. இறால் ரப்பராகிவிட்டது. அதைவிட, சப்பென்று இருந்தது. இந்த ஊர்க்காரர்களுக்கு நாக்கே கிடையாதோ என்று நினைத்தேன். கிரீமுக்குப் பதில் தேங்காய்ப்பாலும் மிளகாய்த்தூளும் போட்டால் சரியாகுமா? எந்த மீன் நல்லது? வைன் கட்டாயமா?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில் நான் இறால் உரித்துக்கொண்டிருந்தேன். தலையையும் ஓட்டையும் ஒரு கிண்ணத்தில் தனியே எடுத்துவைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பாட்டியின் நினைவு வரும். உங்கள் ஊரில், மயோர்னா பகுதியில், படிக்கிற காலத்தில் என் பக்கத்து வீட்டில் இருந்தவர். கணவர் மீன்பிடிப் படகில் வேலை பார்த்தவராம். அந்த நினைவோடு உட்கார்ந்து கடிதத்தைப் படித்தால், ‘இறால் ஓட்டை உரித்து எறிந்துவிட்டு’ என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கோபமே வந்துவிட்டது.

முதலில் சிறிய கேள்விகளை முடித்துவிடுகிறேன். வைன் இல்லாவிட்டால் பரவாயில்லை, கடைசியில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். தேங்காய்ப்பால் ஊற்றினால் அது வேறு குழம்பு. நன்றாகத்தான் இருக்கும், அதைச் செய்ய என்னைக் கேட்க வேண்டாம். மீன் என்றால், காட் எந்தக் கடலில் பிடித்தது என்று பார்த்து வாங்குங்கள். கிழக்கு பால்டிக் கடலில் காட் இனம் நொடித்துப்போய், 2019-லிருந்து அதைக் குறிவைத்துப் பிடிக்கவே தடை. சேய் என்று ஒரு மீன் விற்கிறார்கள், காட்டின் உறவுதான், விலையும் குறைவு. குழம்புக்கு அது போதும்.

சரி, நாக்கு விஷயத்துக்கு வருவோம். நண்பர் வீட்டில் சாப்பிட்டபோது பிடித்திருந்தது என்று நீங்களே சொல்கிறீர்கள். பிறகு உங்கள் வீட்டில் சப்பென்று ஆனதற்கு அந்த ஊர்க்காரர்களின் நாக்கு எப்படிப் பொறுப்பாகும்? நம் வீட்டில் மீன் தலைக்குப் போட்டி நடக்கும். ருசியெல்லாம் தலையில் இருக்கிறது என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். அந்த அறிவை விமானத்தில் ஏறும்போது இறக்கி வைத்துவிட்டுப் போவார்களா? நீங்கள் குப்பையில் போட்டதுதான் அந்தக் குழம்பின் உயிர்.

பாட்டி எப்படிச் செய்வார் என்று சொல்கிறேன். ஃபெஸ்கெஷொர்க்காவுக்கு என்னைக் கூட்டிப்போவார். 1874-இல் கட்டிய மீன் சந்தை அது, பார்க்கத் தேவாலயம் போலவே இருக்கும், பெயருக்கும் ‘மீன் தேவாலயம்’ என்றுதான் பொருள். ஓட்டோடும் தலையோடும் இறால் வாங்குவோம். உரித்த சதையைத் தட்டில் மூடிக் குளிரில் வைத்துவிடுவார். கனமான பாத்திரத்தில் வெண்ணெய் உருக்கி, ஓட்டையும் தலையையும் போட்டு, மரக்கரண்டியால் நசுக்கி நசுக்கி வதக்குவார். அவசரமே படமாட்டார். கொஞ்ச நேரத்தில் வெண்ணெய் ஆரஞ்சு நிறமாகும். ஓட்டில் இருக்கும் நிறம் கொழுப்பில்தான் கரையும், தண்ணீரில் இறங்காது. அதோடு வாசனையும் சேர்ந்து வெண்ணெயில் இறங்கிவிடும். அப்புறம் வெங்காயத் துண்டு, வெங்காயத்தாள் போன்ற லீக்ஸின் பச்சை நுனி, ஒரு கரண்டி தக்காளி விழுது, மூழ்குமளவு தண்ணீர். அரை மணி நேரம். நீங்கள் மீனுக்குக் கொடுத்த அரை மணியை ஓட்டுக்குக் கொடுத்திருக்க வேண்டும். பிறகு வடிகட்டி, சக்கையை அழுத்திப் பிழிவார். ஒரு சொட்டு விடமாட்டார்.

அந்தச் சாறுதான் குழம்பு. அதில் ஃபெனல் குமிழை மெல்லியதாக நறுக்கிப் போடுவார். நம் சோம்புச் செடியின் அடிப்பகுதிதான், வாசனையில் நம் வீட்டு மசாலா எட்டிப்பார்க்கும். ஒரு சிட்டிகை குங்குமப்பூ. உருளைக்கிழங்கு வெந்ததும் கிரீம். கொழுப்பு 40 சதவீதம் வரை இருக்கும் விஸ்ப்கிரெடே என்ற கெட்டி கிரீமை வாங்குங்கள். கொழுப்பு குறைந்த கிரீமில் கொழுப்போடு ஒப்பிட்டால் புரதம் அதிகம். தக்காளியின் புளிப்பும் தளதளவென்ற கொதியும் சேர்ந்தால் அது திரளத்தான் செய்யும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

ஒரு மார்கழிக் குளிரில் எனக்குக் காய்ச்சல். கதவைத் திறந்தால் வாசலில் மூடி போட்ட பாத்திரம். மூடியில் ஒரு சீட்டு: ‘சூடாக்கு, கொதிக்கவிடாதே.’ மூன்று நாளாகச் சோறு இறங்காமல் கிடந்தவன் அன்று முழுப் பாத்திரத்தையும் காலி செய்தேன். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. மிளகு ரசம் வைத்துக் கொண்டுபோனேன். இதுவும் கொதிக்கக் கூடாது, நுரை கட்டி வரும்போதே இறக்கிவிட வேண்டும் என்று எனக்குத் தெரிந்த மொழியில் விளக்கினேன். ‘ஷூடா’ என்றார். கொதிக்குமுன் மெல்லத் தளும்பி நிற்கும் அந்த நிலைக்கு அவர்களிடம் தனிச்சொல்லே இருக்கிறது. ரசம் தெரிந்த உங்களுக்கு இது கைவராது என்று நான் நம்பமாட்டேன்.

மீனைப் போடுவது அந்த நிலையில்தான். பெரிய துண்டுகளாக வெட்டி, உப்புத் தடவி, குழம்பில் அமுக்கி, அடுப்பை அணைத்து மூடிவிடுங்கள். மீன் சதை ஆட்டுக்கறி மாதிரி கிடையாது, மென்மையாக்க நேரம் வேண்டாம். 55 டிகிரி வாக்கிலேயே காட் இதழ் இதழாகப் பிரியும். ஐந்தாறு நிமிடம் கழித்துத் திறந்து பாருங்கள். கரண்டி போட்டுக் கிளறாதீர்கள். இறால் அதற்கும் பிறகு, பரிமாறும்போது. கடையில் இளஞ்சிவப்பாக ஓட்டோடு விற்கிறார்களே, அது படகிலேயே கடல்நீரில் வேகவைத்துக் கரைக்கு வருவது. வெந்த இறாலை மறுபடி அரை மணி வேகவைத்தால் ரப்பராகாமல் என்ன செய்யும்? மேலே டில் கீரையைத் தாராளமாகத் தூவுங்கள்.

இந்த வாரம் ஒரு கிலோ இறால் ஓட்டோடு வாங்குங்கள். மனைவியையும் கூப்பிட்டுச் சேர்ந்து உரியுங்கள், சீக்கிரம் முடியும். ஓடு வெண்ணெயில் வதங்கும்போது சமையலறைக் கதவை மூடிவிடாதீர்கள். நண்பர் வீட்டில் நுழைந்ததுமே வந்த வாசனை இதுதானே என்று அவர் சொல்வார்.