கேள்வி – பதில்: அலெக்சாண்டிரியாவில் என்ன சாப்பிடலாம்?

கேள்வி: வரும் டிசம்பரில் கணவருடன் எகிப்து செல்கிறேன், அலெக்சாண்டிரியாவில் சில நாட்கள் தங்குவோம். அவர் மீன் பிரியர், நானோ முட்டைகூடத் தொடாத சைவம். ஹோட்டல் ரொட்டியையும் பழத்தையும் தின்றே நாளைக் கழிக்க வேண்டியிருக்குமா?
– வாசகி, திருச்சி

பதில்: அந்தக் கவலையே வேண்டாம். எகிப்தில் சைவம் உண்பவர்களுக்கு டிசம்பர் மிகவும் ஏற்ற மாதம். அங்குள்ள காப்டிக் கிறிஸ்தவர்கள் ஜனவரி 7 அன்று கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறார்கள். அதற்கு முன் நவம்பர் 25 முதல் இறைச்சி, பால், முட்டை மூன்றையும் விலக்கி நோன்பிருக்கிறார்கள். ‘சியாமி’ எனப்படும் இந்த நோன்பு உணவைக் கேட்டால் பெரும்பாலான கடைக்காரர்களுக்கு உடனே விளங்கும். ஆனால் கிறிஸ்துமஸ் நோன்பில் மீன் உண்ண அனுமதி உண்டு என்பதால், சியாமி என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாமல் “மின் கேர் ஸமக்”, அதாவது மீன் இல்லாமல் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

காலை உணவுக்கு நீங்கள் இருவருமே ‘ஃபூல்’ சாப்பிடலாம். ஃபாவா எனும் பெரிய வகை அவரையின் காய்ந்த பருப்பை, குறுகிய கழுத்தும் பருத்த வயிறும் கொண்ட ‘கித்ரா’ என்ற உலோகப் பானையில் இரவு முழுவதும் சிறு தீயில் வேகவைப்பார்கள். கடைக்காரர் நீண்ட காம்புள்ள கரண்டியை அந்தக் கழுத்துக்குள் விட்டுப் பருப்பை மொண்டு தட்டில் இட்டு, சீரகம், பூண்டு, எலுமிச்சைச் சாறு, எள் விழுது சேர்த்து மசித்து, எண்ணெய் ஊற்றித் தருவார். அலெக்சாண்டிரியாவில் இதனுடன் தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாய் ஆகியவற்றையும் கலப்பதால் நம் நாக்குக்கு இது சுலபமாகப் பிடித்துவிடும். கூடவே வரும் ஃபலாஃபெலை கெய்ரோவில் தாமியா என்பார்கள்; கொண்டைக்கடலையில் அல்லாமல் ஃபாவா பருப்பை ஊறவைத்து அரைத்துச் செய்வது அது. கொத்தமல்லி, பார்ஸ்லி இலைகளைச் சேர்த்து அரைப்பதால் பிட்டுப் பார்த்தால் உள்ளே பச்சை நிறமாக இருக்கும். ரம்ல் நிலையத்துக்கு அருகில் ஷகூர் தெருவிலுள்ள முகமது அகமது உணவகம் இவ்விரண்டுக்கும் புகழ்பெற்றது. ஆயினும் தள்ளுவண்டியின் முன் நின்றபடியே உண்பதுதான் என் தேர்வு. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஜி6பிடி எனும் நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஃபாவா பருப்பு ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து ஆபத்தை உண்டாக்கும் என்பதால், குடும்பத்தில் யாருக்காவது அக்குறை இருந்தால் அதைத் தொடவே கூடாது.

பெயரளவில் சைவமாகத் தோன்றும் பண்டங்களில்தான் சிக்கல் இருக்கிறது. முலூக்கியா என்ற கீரைக் குழம்பை வழக்கமாகக் கோழி அல்லது முயல் வேகவைத்த சாற்றில் சமைப்பார்கள். அலெக்சாண்டிரியாவில் இறால் சேர்ப்பதும் உண்டு. குடைமிளகாய், கத்தரிக்காய், முட்டைக்கோஸ் இலை ஆகியவற்றில் அரிசியை அடைத்துச் செய்யும் ‘மஹ்ஷி’யிலும், பருப்பு சூப்பிலும்கூட இறைச்சிச் சாறு சேர்ந்திருக்கக்கூடும். ஆகவே கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே ஆர்டர் கொடுங்கள். குஷரி இந்த வகையில் பெரும்பாலும் பாதுகாப்பானது. அரிசி, கறுத்த பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, தக்காளிச் சாறு, மொறுமொறுவென்று வறுத்த வெங்காயம் என அடுக்கடுக்காக வரும் கெய்ரோ பாணிக் குஷரியே கடைகளில் அதிகம் கிடைக்கும். அலெக்சாண்டிரியாக்காரர்கள் வீட்டில் செய்வதோ மஞ்சள் பருப்பையும் அரிசியையும் சீரகத்தோடு சேர்த்து வேகவைக்கும் குஷரி. நம் பருப்பு சாதத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை என்றே அதைச் சொல்லலாம்.

கேள்வி: சரக்குக் கப்பலில் பணிபுரிகிறேன். அலெக்சாண்டிரியாவில் கரையிறங்க எனக்கு ஒரு பிற்பகலும் மாலையும் மட்டுமே கிடைக்கும். அங்கே மீனை எடை போட்டுத்தான் விற்பார்கள், பில் எகிறிவிடும் என்று சக ஊழியர்கள் பயமுறுத்துகிறார்கள். எங்கே, எப்படிச் சாப்பிடுவது?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: பழைய துறைமுகத்தை ஒட்டிய பஹரி, அன்ஃபூஷி பகுதிகளுக்கு நேரே சென்றுவிடுங்கள், மீன் சந்தையும் மீன் உணவகங்களும் அங்கேயே இருக்கின்றன. அபூ கீர் கடற்கரையும் மீனுக்குப் பெயர்பெற்றதுதான் என்றாலும், நகரின் கிழக்குக் கோடியில் இருப்பதால் உங்களுக்குக் கிடைக்கும் நேரத்துக்கு ஒத்துவராது. எகிப்தியர்கள் மதிய உணவைத் தாமதமாகவே உண்பார்கள் என்பதால் மூன்று, நான்கு மணிக்குச் சென்றாலும் அடுப்பு மும்முரமாக எரிந்துகொண்டிருக்கும். குளிர்காலத்தில் ‘நவ்வா’ எனப்படும் புயல் மழை வீசும் நாட்களில் படகுகள் கடலுக்குப் போவதில்லை; அன்று மீன் வரத்து குறையும், விலையும் ஏறும்.

பனிக்கட்டியின் மேல் பரப்பியுள்ள மீன்களில் உங்களுக்குப் பிடித்ததை நீங்களே காட்டலாம். கிலோ விலையை முதலில் கேட்டு, கண்ணெதிரே எடை போடச் செய்து, சமையல் கூலி அதில் அடக்கமா தனியா என்பதையும் தெரிந்துகொண்ட பிறகு மேசைக்குச் செல்லுங்கள். இம்மூன்றையும் செய்தவருக்கு பில்லில் அதிர்ச்சி காத்திருக்காது. நீங்கள் கேட்காமலே மேசைக்கு வரும் எள் விழுது, கத்தரிக்காய் மசியல், காய்கறி சாலட், ஊறுகாய் ஆகியவை இலவசமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. வேண்டாதவற்றைத் தொடாமல் திருப்பி அனுப்பிவிடலாம். பில்லில் பெரும்பாலும் 12 சதவீதச் சேவைக் கட்டணமும் 14 சதவீத வரியும் சேரும். அதற்கு மேலும் பரிமாறியவர் கையில் சில பவுண்டு நோட்டுகளைக் கொடுப்பது அங்கே வழக்கம் என்பதால், சில்லறை நோட்டுகளை முன்கூட்டியே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

‘பூரி’ எனப்படும் மடவை மீனைத் தவிட்டில் சுட்டுத் தரச் சொல்லுங்கள். முழு மீனைக் கோதுமைத் தவிட்டில் புரட்டித் தணலில் இடும்போது, மேல்தோல் தவிட்டோடு சேர்ந்து கரியாகிவிடுகிறது. அந்தக் கருத்த ஓட்டை விரலால் உரித்தெடுத்தால், உள்ளே சாறு வற்றாத வெள்ளைச் சதை ஆவி பறக்கக் கிடைக்கும். அதை எலுமிச்சையும் சீரகமும் தூவிச் சாப்பிட வேண்டும். இதற்குத் துணையாகச் ‘சயாதியா’ சோறு வாங்குங்கள். கருகுவதற்குச் சற்று முன்வரை வெங்காயத்தை வறுத்து அதிலேயே அரிசியை வேகவைப்பதால் அது பழுப்பு நிறமாக இருக்கும். இறாலும் கணவாயும் பொரித்துக் கிடைக்கும். ஆனால் அவற்றை உலகின் எந்தத் துறைமுகத்திலும் தின்னலாம், தவிட்டில் சுட்ட மீனை அப்படித் தின்ன முடியாது.

மாலையில் கோர்னிஷ் கடற்கரைச் சாலையில் நடந்தால் ‘ஹும்முஸ் ஷாம்’ விற்பவர்களைக் காண்பீர்கள். தக்காளி, எலுமிச்சை, மிளகாய் சேர்ந்த காரமான சூடான சாற்றில் கொண்டைக்கடலை மிதக்கும். சாற்றைக் குடித்துக்கொண்டே கடலையைக் கரண்டியால் எடுத்துத் தின்ன வேண்டும். கடற்காற்றில் குளிர் ஏறும் வேளைக்கு இதைவிட ஏற்றது வேறில்லை. ஊர்ப் பெயரையே தாங்கிய ‘கிப்தா இஸ்கந்தரானி’ சாண்ட்விச்சும் தெருமுனைகளில் கிடைக்கும். பூண்டு, சீரகம், பச்சை மிளகாயுடன் பெருந்தீயில் புரட்டிய ஈரலை மெல்லிய நீள ரொட்டியில் அடைத்துத் தருவார்கள். அது பெரும்பாலும் மாட்டு ஈரல் என்பதால், மாட்டிறைச்சி உண்ணாதவராக இருந்தால் அந்தக் கடையை மட்டும் தாண்டிச் சென்றுவிடுங்கள்.