பர்பன் பாட்டிலுக்குள் கார்க் உடைந்து விழுந்தால்

கொட்டிவிடாதீர்கள், குடிக்கலாம். கார்க் பாதியில் முறிந்து தூள் உள்ளே விழுந்ததால் மட்டும் வைல்ட் டர்க்கி 101 என்ற பர்பன் (அமெரிக்க விஸ்கி வகை) கெட்டுப்போகாது. காபி ஃபில்டர் தாளில் மெதுவாக வடிகட்டி, சுத்தமாகக் கழுவி நன்றாகக் காயவைத்த வேறொரு பாட்டிலில் ஊற்றி இறுக்க மூடுங்கள்.

ஒயின் மாதிரி படுக்க வைத்திருந்தீர்களா? பெரும்பாலும் அதுதான் காரணம். ஒயினில் ஆல்கஹால் 12, 14 சதவீதம்தான், இதிலோ 50.5. அவ்வளவு காரமான சரக்கு எந்நேரமும் பட்டுக்கொண்டிருந்தால் கார்க் நாளடைவில் உதிரத்தான் செய்யும். மற்ற பாட்டில்களை இன்றைக்கே நிமிர்த்தி, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

அப்புறம், வடிகட்டியதில் கொஞ்சம் கிளாஸில் விட்டுப் பத்து நிமிடம் கழித்து முகர்ந்து பாருங்கள். வனிலா, கேரமல் வாசனை வந்தால் சரி. நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் அடித்தால் கோளாறு கார்க்கிலேயே இருந்திருக்கிறது, அது எத்தனை முறை வடிகட்டினாலும் போகாது.